கையில் கொடுத்த உப்பு

செப்டம்பர் 28, ஞாயிறு

சிவனணைந்த பெருமாள். இது என் பெயர். பத்து எழுத்து. போன வருடம் இதை எழுதி முடிக்க ஒரு பொழுது ஆனது. இன்று ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நேற்று அதோடு கை வலித்துவிட்டது. மீதியை இன்று எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பத்திரண்டு வருடம் உப்பு வாரினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. வேலையை விட்ட பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். செல்வராணி டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "அமெரிக்காவுல தினம் ஒரு வரியாவது எழுதணும் அய்யா. வந்ததும் நான் திருத்துவேன்" என்றார். டீச்சர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். என் மகள் இசக்கியம்மாள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் ஜெபசிங் தம்பி, பாளையங்கோட்டைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகப்போகிறது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது பாத்தியில் உப்பு வாரும் நேரம். வேலை அதிகம்.

இவர்கள் வைகாசியில் புது வீடு வாங்கிக் குடிவந்தார்கள். புது வீட்டுக்குள் உப்பு போக வேண்டும் அல்லவா? இரண்டு கிலோ கல்லுப்பு மஞ்சள் பையில் கொண்டுவந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த அளத்து உப்பு. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பையைப் பிரித்து என்ன இது என்று கையால் கேட்டார். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக் காட்டினேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. விட்டுவிட்டார்.

உப்பை இன்னும் இசக்கியிடம் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றும் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

பாத்திரம் கழுவும் பெட்டியை இயக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளே மழை பெய்கிறது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இசக்கி வீட்டு உப்பு நீல டப்பாவில் இருக்கிறது. மாவு போலக் கொட்டுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிப்பு மட்டும்தான், பின்னால் ஒன்றும் வரவில்லை. என் உப்பைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மேசையில் இடமில்லை. தட்டு, தம்ளர், ஒரு பூச்செடி. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஜெபசிங் தம்பி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. இசக்கியிடம் சொல்வார். இசக்கி என்னிடம் சொல்வாள். நானும் அப்படியே பதில் அனுப்புவேன். மூவரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேசையில்தான்.

இன்று அப்படி வந்த செய்தி: வியாழக்கிழமை வெளியூர் போகிறோம். வடக்கே பாலைவனத்தில் நவஹோ என்னும் மக்களின் நாடு இருக்கிறது. அமெரிக்காவின் பழங்குடி மக்கள். அவர்கள் வீட்டில் ஓர் இரவு தங்கி, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் கதையைக் கேட்டுவிட்டு மறுநாள் திரும்பலாம். தம்பி முன்பே இடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றேன் இசக்கியிடம்.

"அவரு இங்கனதானப்பா இருக்காரு" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

துணி எடுத்து வைத்தேன். கம்பளி, குல்லா, மாத்திரை, நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அக்டோபர் 9, வியாழன்

டீச்சர், சிவப்பு!

மண் சிவப்பு, மலை சிவப்பு, எங்கள் வண்டி சிவப்பு, இசக்கி மூக்கு சிவப்பு. நாற்பத்திரண்டு வருடம் வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்தே கண் வெந்துபோனவன் நான். இங்கே இறங்கியதும் கண்ணில் யாரோ விளக்கெண்ணெய் விட்டதுபோல் இருந்தது. மேலே தட்டையாகச் சீவிய மலைகள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். கட்டையை எட்டு மூலையாக அடுக்கி மேலே மண் பூசியிருக்கிறார்கள். வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம். உள்ளே போனால் நடுவில் இருக்கும் அடுப்பை இடமிருந்து வலமாகச் சுற்றித்தான் நடக்க வேண்டும். கோயிலில் நடப்பதுபோல நான் பாட்டுக்குச் சரியாகச் சுற்றினேன். ஜெபசிங் தம்பி குறுக்கே போய்த் திட்டு வாங்கினார். எனக்கு ஒரே பெருமை.

வீட்டுப் பெரியவர் பெயர் ஹாரிசன். என் வயதுதான் இருக்கும். பெரிய தொப்பி, கழுத்தில் நீலக்கல் மாலை. அவருடைய மருமகள் வெர்னாதான் சமையல். மருமகள் என்றால் அக்காள் மகள். வெர்னாவின் புருஷன் டெல்பர்ட் ரயில் பாதை போடும் வேலைக்குத் தூரதேசம் போயிருக்கிறார். சனிக்கிழமை வருவாராம். எங்களைத் தவிர வேறு விருந்தாளி இல்லை.

அவர்களுக்கு மூன்று மாதக் குழந்தை ஒன்று. பெண். ஷாண்டீன் என்று பெயர். சூரிய வெளிச்சம் என்று அர்த்தமாம். பலகையில் வைத்து, துணியால் சுற்றி, கயிறு கோத்துப் பார்சல் மாதிரி கட்டியிருக்கிறார்கள். அது கண்ணை உருட்டிக்கொண்டு ராணி போலச் சாய்ந்திருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. குழந்தையை எல்லாரும் ஆசையாகத் தூக்குகிறார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உம்மென்று வைத்துக்கொண்டு கொஞ்சுகிறார்கள். ஹாரிசன் கொஞ்சும்போது தொப்பியை மூக்குவரை இறக்கிவிடுகிறார். ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி ஆட்டுக்கறிக் குழம்பு. எண்ணெயில் பொரித்த ரொட்டி, பூரிக்கு அண்ணன். நான்கு தின்றேன். நரிக்கதை சொல்லுங்கள் என்று இசக்கி கேட்டதற்கு ஹாரிசன் மாட்டேன் என்றுவிட்டார். பனி விழுந்து பாம்பும் கரடியும் தூங்கப் போன பிறகுதான் அந்தக் கதைகளைச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

உப்பு பைக்குள்ளேயே இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

காலையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பக்கத்தில் குழந்தையைப் பலகையோடு சாய்த்து வைத்துவிட்டு, வெர்னா முற்றத்து அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஹாரிசன் குதிரைச் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுத வரும். "வாய்க்குள்ள சொல்லுங்க அய்யா" என்று டீச்சர் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கை போகிற பக்கமெல்லாம் என் வாயும் போகும், புருவமும் போகும். பக்கத்தின் மேலே வழக்கம்போலப் பெயரை எழுதத் தொடங்கினேன். சி. வ. ன. ணை என்றபோது குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. ந். த. பெ. ரு. மா. குழந்தையின் வாய் திறந்தது. கடைசியில் நாக்கை மடித்து ள் என்று இழுத்தேன்.

சிரித்துவிட்டது.

உதட்டை மட்டும் விரிக்கிற சிரிப்பு இல்லை. குடத்தைக் கவிழ்த்தது போல, களகளவென்று, சத்தமாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தடவை ள் என்றேன். பலகையே ஆடியது. இன்னொன்று. விக்கல் வரும்வரை சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

நிமிர்ந்தால், வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னா கையிலிருந்த மாவு நெருப்பில் கிடந்தது. ஹாரிசன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

இசக்கி குளிக்கப் போயிருந்தாள். ஜெபசிங் தம்பிதான் ஓடிவந்து அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எனக்குச் சொல்லியாக வேண்டும், இடையில் இசக்கி இல்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு குழந்தை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, குழந்தையிடம் தமிழில் சொன்னார்.

"பாப்பா, ஒன்னைய மொதமொதல்ல சிரிக்க வச்சது யாரோ, அவங்கதான் ஒனக்கு விருந்து வைக்கணுமாம். ஒன் கையால வந்தவங்களுக்கெல்லாம் உப்பு குடுக்க வைக்கணுமாம். அப்பதான் நீ தாராளமான பிள்ளையா வளருவியாம். சிரிக்க வச்சவங்க கொணந்தான் ஒனக்கு வருமாம். ஒங்க அப்பா நாளைக்கு வாராரு. அவரு சிரிக்க வைக்கணும்னுதான் மூணு வாரமா இங்க ஒருத்தரும் ஒன் முன்னால பல்லைக் காட்டல. பாவம், மாமாவுக்கு இது தெரியாது."

நானும் குழந்தையைப் பார்த்தே சொன்னேன். "தெரியாதுதான்."

தலையில் துண்டோடு இசக்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "ஏம்ப்பா, ஒரு நாள் ஒங்கள தனியா விடமுடியலியே" என்று தலையில் கைவைத்தாள். வெர்னா அவளிடம் ஏதோ கேட்டாள். இசக்கி நெருப்பில் கருகும் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்கா?" என்றேன்.

"எங்க அப்பா எப்பிடிப்பட்ட மனுசன்னு கேக்கா."

ரொட்டி கருகும் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. கடைசியில் இசக்கி ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னாள். எனக்கும் தமிழில் சொன்னாள். "கஞ்சன் கெடையாது, இருக்கிறதைக் குடுத்துருவாரு. ஆனா வீம்பு புடிச்ச மனுசன்னு சொல்லிட்டேன்."

ஹாரிசன் அதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசினார். இசக்கி அதைச் சுருக்கமாகச் சொன்னாள். "வீம்பு இருந்தா பரவாயில்லையாம். ஆடு மேய்க்க அது வேணுமாம்."

அதே நாள், மத்தியானம்

விருந்தாளிகள் ஊருக்குப் போக வேண்டியவர்கள், ஆகவே வேண்டுமானால் வீட்டுக்காரர்களே எனக்குப் பதிலாக விருந்து வைத்துக்கொள்ளலாம், அதில் குறையில்லை என்று ஹாரிசன் சொன்னார். அவர்கள் வீட்டில் நான்கு நாளுக்குள் வைத்துவிட வேண்டுமாம்.

நான் முடியாது என்றேன். நான் சிரிக்க வைத்த பிள்ளை. என்னால் ஒரு பெண் பிள்ளை இந்தப் பாலைவனத்தில் கஞ்சம்பட்டி ஆகிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விருந்து. செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விமானம்.

இசக்கிக்கு ஞாயிறு டூட்டி. மேட்டில் ஏறி நின்றால்தான் இங்கே போன் எடுக்கும். ஏறிப்போய் டூட்டியை மாற்றிவிட்டு வந்தாள். வெர்னாவும் ஏறிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள். டெல்பர்ட் "சரி" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சரி எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜெபசிங் தம்பியைக் காணோம்.

அதே நாள், சாயங்காலம்

வந்துவிட்டார். யாரும் சொல்லாமல் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் கடைத்தெருவுக்குப் போய் அரிசி, வாழைப்பழம், பருப்பு, மிட்டாய், குழந்தைக்குச் சட்டை, வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பொட்டலம் கட்டப் பைகள் எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். மிளகாய்த்தூள்கூட. வண்டியிலிருந்து நானும் அவரும் இறக்கினோம். அரிசி மூட்டையின் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். பேசவில்லை. ஆனால் மூட்டை தூக்கும்போது யாரும் பேசுவதில்லை.

அக்டோபர் 11, சனி

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

மத்தியானம் டெல்பர்ட் வந்தார். பனைமரம் மாதிரி உயரம். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையைப் பலகையிலிருந்து அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்தைக் கோணினார். கன்னத்தை உப்பினார். காதை ஆட்டினார். குதிரை போலக் கனைத்தார். குழந்தை சிரித்தது. சிரித்ததும் அவர் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஆறு வாரமாக ரயில் பாதையில் கூட்டாளிகளை எதிரே உட்காரவைத்துப் பழகியிருக்கிறாராம், முதல் சிரிப்புக்காக.

ஒரு மனுஷன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு

கை வலிக்கிறது. கொஞ்சம் கழித்து.

நான் எழுந்துபோய் அவர் எதிரே உட்கார்ந்தேன். "நீ தூக்கிக்கோ. நான் கையை மட்டும் புடிச்சிக்கிறேன். ரெண்டு பேருமா விருந்து வைப்போம். ஒன் கொணம் பாதி, என் கொணம் பாதி" என்றேன். இசக்கி அதைச் சொன்னாள். டெல்பர்ட் யோசித்துவிட்டு, நான் என்ன செய்து சிரிக்க வைத்தேன் என்று காட்டச் சொன்னார். என் பெயரை எழுதிக் காட்டினேன், வாயோடும் புருவத்தோடும். கடைசி எழுத்துக்குப் போவதற்குள் டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார். சேர்ந்து குழந்தை. வெர்னா. மூன்று வாரம் அடக்கிவைத்திருந்த ஹாரிசன் சிரித்ததில் தொப்பி அடுப்புப் பக்கம் உருண்டது. இந்த வயதில் என் பெயருக்கு இவ்வளவு மரியாதை.

பிறகு உப்புப் பிரச்சினை. விருந்துக்குக் கடை உப்பு ஆகாதாம். பூமியிலிருந்து எடுத்த கல்லுப்புதான் வேண்டும். தெற்கே ஓர் உப்பு ஏரியிலிருந்து கொண்டுவந்து வைத்திருப்பார்களாம், போன மாதம் இன்னொரு விருந்தில் தீர்ந்துவிட்டது. யார் வீட்டில் இருக்கும் என்று ஹாரிசனும் வெர்னாவும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஹோகனுக்குள் போனேன். அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், பையைத் திறந்து, மஞ்சள் பையை எடுத்துவந்து பாயில் வைத்தேன்.

ஹாரிசன் ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். எனக்கு ஊரில் சம்பளம் வாங்கியபோதுகூட அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. "கடல் தண்ணி, வெயிலு, என் கை. வேற ஒண்ணும் சேக்கல" என்றேன்.

இசக்கி அதை அவருக்குச் சொல்லவில்லை. பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னப்பா?"

"ஒன் புது வீட்டுக்கு."

"வந்து ரெண்டு வாரமாச்சு."

"மறந்துட்டேன்."

"ரெண்டு கிலோ உப்ப மறந்துட்டீங்க. மறந்துட்டுக் கூடவே தூக்கிட்டு அலையிதீங்க." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கல்யாணத்துக்கும் இப்படித்தான். பாத்தியில உப்பு வாருற நேரம், வேலை கெடக்குன்னு சொல்லிவிட்டீங்க. என் கல்யாணம் நவம்பர்லப்பா. கொட்டுற மழையில எந்தப் பாத்தியில உப்பு வாருனீங்க?"

டீச்சர், மழைக்காலத்தில் பாத்தி முழுவதும் தண்ணீர்தான் நிற்கும். உங்களுக்கும் அது தெரியும். செப்டம்பர் 29 அன்று எழுதியதை இப்போது அடித்துவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்த காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவளுடைய கல்யாணப் பத்திரிகை. தபாலில் வந்தது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. ஏனென்றால் அவள் வேற்று மதத்துப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்ன அன்று, "என் பேர பத்திரிகையில போடாத" என்று நான் கத்தியிருந்தேன். தாயில்லாமல் நான் வளர்த்த பிள்ளை. அந்தப் பத்திரிகையில் என் பெயர் இல்லாததை ஊரான் படித்து எனக்குச் சொல்ல வேண்டாம் என்று தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

இந்த வருடம் சித்திரையில்தான் எடுத்து நானே படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி. 'சிவனணைந்த பெருமாள் – தெய்வானை தம்பதியரின் மகள்' என்று இருந்தது. பத்து எழுத்தும் இருந்தது. ஒன்று குறையவில்லை.

இசக்கி பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னா போடாம இருந்துருவனா?" என்றாள்.

அதற்குமேல் பேசியதை எழுதப்போவதில்லை. டீச்சர் படிப்பார்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். "அவரு ஒண்ணும் ஒங்ககூட பேசாம இல்ல. ஏர்போர்ட்ல மாமான்னு கூப்பிட்டாரு. நீங்க பெட்டியப் பாத்துட்டு நின்னீங்க" என்றாள் இசக்கி. நான் பெட்டியைத்தான் பார்த்தேன். அது உண்மை.

அதே நாள், படுக்கும் முன்

ஒரு பெரிய தடங்கல் இப்போதுதான் உறைத்தது. நாளை குழந்தையின் கையைப் பிடித்து, வந்தவர்கள் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் உப்பைப் போட வேண்டும். உப்பைக் கையில் கொடுப்பதா? ஊர் முழுவதும் சண்டை வந்துவிடாதா? தட்டில் வைத்துக் கொடுக்கலாமா என்று ஹாரிசனிடம் இசக்கி மூலம் கேட்டேன். கையில்தான் என்றார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"குடுக்கது நீங்க இல்லையே, கொழந்தைதான. கொழந்தைகூட யாரு சண்டை போடுவான்னு கேக்காரு" என்றாள் இசக்கி.

யோசித்துப் பார்த்தால் சரிதான். ஆனாலும் பயமாக இருக்கிறது. எல்லாருக்கும் இல்லை. இரண்டு பேருக்குக் கொடுக்கத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியும் முன்பே எழுந்தேன். ஹாரிசன் வாசலில் கிழக்கே பார்த்து நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று திருச்செந்தூரான் பெயரைச் சொன்னேன். வெளிச்சம் இரண்டு பேருக்கும் சேர்த்தே வந்தது.

சமையல் என் பொறுப்பு. ஹாரிசன் ஓர் ஆடு கொடுத்தார். எங்கள் ஊர்க் குழம்பு வைத்தேன், பருப்பும் சோறும். ஹாரிசன் ருசி பார்த்துவிட்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மத்தியானத்துக்குள் வண்டி வண்டியாக ஆட்கள். சித்தி, பெரியப்பா, குதிரையில் ஒருவர், நடந்து ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்து "யாஅத்தே" என்றார்கள். வணக்கம் என்று அர்த்தமாம். எல்லாருக்கும் என் பெயரை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. ஏழு தடவை எழுதினேன். சிரிப்பு அடங்கவில்லை. ஒரு கிழவி என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

டெல்பர்ட் ஷாண்டீனை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில். எங்கள் முன்னால் கூடையில் என் உப்பு. வரிசை நின்றது. குழந்தையின் குட்டிக் கையை என் கைக்குள் வைத்து, உப்பைத் தொட்டு, நீட்டிய உள்ளங்கையில் விட வேண்டும். வாங்கியவர் அதை வாயில் போட்டுக்கொண்டு குழந்தைக்கு நல்ல வார்த்தை சொல்வார். வெர்னா மிட்டாய்ப் பொட்டலமும் பழமும் கொடுப்பாள். குழந்தை பாதி உப்பைத் தன் வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன். உப்பளத்து வேலைக்காரன் பிடி, விடுமா?

நாற்பது பேருக்குமேல் இருக்கும். ஒருவரிடமும் எனக்குப் பயமில்லை. இந்த நாட்டு மனிதர்கள் நாக்கில் தூத்துக்குடி வெயில் கரைகிறதே என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நீண்ட கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல். ஆஸ்பத்திரி மருந்து பட்டு வெளுத்த விரல். இசக்கி.

என் கை நின்றுவிட்டது. குழந்தையின் கையும் அதற்குள் நின்றது.

"போடுங்கப்பா" என்றாள் இசக்கி.

"கையில குடுத்தா சண்டை வருமே தாயி."

"அதைத்தான் முன்னாலயே போட்டு முடிச்சாச்சே. போடுங்க."

போட்டேன். குழந்தைதான் போட்டது, நான் கையைத்தான் பிடித்திருந்தேன். இசக்கி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். சின்ன வயதில் அளத்துக்கு வரும்போது உப்பைக் குவித்த அம்பாரத்திலிருந்து ஒரு கல்லைத் திருடித் தின்று இப்படித்தான் மூடுவாள். அவள் முதன்முதலில் எப்போது சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலையில் இருந்திருப்பேன். இன்று எப்படிச் சிரித்தாள் என்று தெரியும். அழுதுகொண்டே சிரித்தாள், மூக்கு மறுபடியும் சிவப்பு.

அவளுக்குப் பின்னால் ஜெபசிங் தம்பி நின்றார். கையை நீட்டலாமா வேண்டாமா என்று சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பார்ப்பதற்குப் பெட்டி எதுவும் பக்கத்தில் இல்லை.

"மாப்பிள்ளை, கையை நீட்டுங்க" என்றேன்.

அவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். கோயில் பிரசாதத்துக்கு ஏந்துவதுபோல. அவர்கள் சர்ச்சிலும் அப்படித்தான் ஏந்துவார்களாம். ஷாண்டீன் அவருக்கு மட்டும் ஒரு பிடி நிறையப் போட்டாள். அவ்வளவையும் அவர் வாயில் போட்டுக்கொண்டார். கண் பிதுங்கியது. டெல்பர்ட் தண்ணீர் என்று கத்தினார்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"நல்லாயிருக்கு மாமா" என்றார். பொய்தான். ஒரு பிடி உப்பு எப்படி நன்றாக இருக்கும்? ஷாண்டீன் அவர் முகத்தைப் பார்த்துக் களகளவென்று சிரித்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

ஃபீனிக்ஸ் வந்துவிட்டோம். கூடையில் மிஞ்சிய உப்பில் பாதியை ஹாரிசன் வைத்துக்கொண்டார். அடுத்த குழந்தைக்காம். பனிக்காலத்தில் வந்தால் எனக்கு நரிக்கதை சொல்வாராம். மீதிப் பாதி இப்போது இசக்கி வீட்டு அடுப்புப் பக்கத்தில், ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. நீல டப்பா எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று நிறைய எழுத நினைத்தேன். முடியவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். வாயை மூட மாட்டேன் என்கிறார்.